ஏரி நீர்ப் பங்கீட்டு விளையாட்டு: ஏஐ எழுதும் தெரிவுகளைச் சரிசெய்ய உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எட்டாம் வகுப்புக்காக ட்வைன் என்ற கதை விளையாட்டு மென்பொருளில் ஒரு கிளைக்கதை விளையாட்டு தயாராகிறது; காட்சிதோறும் மாணவர் ஒரு தெரிவை எடுக்க, கதை அதன்படி பிரியும். மாணவர்தான் நீர்கட்டி, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவர். ஏரியில் 100 அலகு தண்ணீர், 6 வாரம், தலைமடையில் இரண்டு வயல், கடைமடையில் இரண்டு. மதகை எந்த வாரம் எவ்வளவு திறப்பது என்பதே ஆட்டம். காட்சிகளை ஏஐ எழுதுகிறது.

நாலைந்து கிளை தாண்டியதும் மீதித் தண்ணீரை அது இஷ்டத்துக்குச் சொல்கிறது. 35 வர வேண்டிய இடத்தில் 50. அதனால் எண்களை வசனத்திலிருந்து எடுத்து, ட்வைனின் கதை வடிவங்களில் ஒன்றான சுகர்க்யூபின் மாறியில் (மதிப்பைச் சேமிக்கும் பெயர்) வைத்தாயிற்று. மாறிக்குத் தமிழில் பெயர் வைத்தால் ஓடாது, கவனம்.

அடுத்தது ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்பு. காட்சியின் பெயரை வைத்தே ட்வைன் இணைக்கிறது. கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக விழுந்த 'கொ', ஒரே குறியாக வரும் 'கொ' இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். ட்வைனுக்கு வேறு வேறு. இணைப்பு அறுந்துவிடும். காட்சிகளுக்கு ம1, ம2 என்று பெயரிட்டால் தொல்லை இல்லை.

தீராதது இதுதான்: மூன்று தெரிவுகளில் சரியானதே பெரும்பாலும் நீளமாக இருக்கிறது. படிக்காமலே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். "ஒவ்வொரு தெரிவும் 8 முதல் 10 சொல், ஒவ்வொன்றிலும் யாருக்காவது நஷ்டம்" என்று கட்டளை கொடுத்தால் சில காட்சிகளுக்கு நிற்கிறது, பிறகு வழுக்குகிறது. காட்சிக்கொரு கட்டளையாக அனுப்புவதா, ஒவ்வொரு முறையும் இரண்டு மாதிரிக் காட்சிகளைச் சேர்ப்பதா? உங்களுக்கு எது சரிப்பட்டது?

கடைமடை விவசாயம் தெரிந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏஐயின் விவசாயி பாடநூல் மாதிரி பேசுகிறார். கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் எட்டாவிட்டால் மதகடியில் என்ன பேசுவார்கள்? நாலு வரி எழுதினாலும் பெரிய உதவி.