கரண்ட் குறைவாக இழுக்கும் பிராசஸர்: வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தாம்பரம்:
நானே தொடங்குகிறேன். எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் காலையில் போட்டால் இரவுதான் அணையும். மனைவி டேலியில் கணக்கு எழுதுவார், மகள் படிப்பாள், எனக்கு மெயில், யூடியூப். பழையதை மாற்றும்போது வேகத்தைவிட கரண்ட் பில்தான் என் கவலை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைகளில் கேட்ட இடமெல்லாம் “65 வாட்தான் சார்” என்றார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது வெப்பத்தைச் சமாளிக்க எந்த அளவு கூலர் வேண்டும் என்பதற்கான கணக்கு. இன்டெல் ஐ3 12100க்கு அடிப்படை 60 வாட், டர்போவில், அதாவது வேலை கூடி வேகம் ஏறும்போது, 89 வரை போகும். ஐ9 13900கே என்றால் 125, டர்போவில் 253! ஆனால் நம் வீடுகளில் பிராசஸர் முக்கால்வாசி நேரம் சும்மாதான் இருக்கிறது. பாதி டைப் செய்த கடிதத்தைத் திறந்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறோம். அந்த நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் பில்லில் ஏறும்.

நான் எடுத்தது ஐ3 12100. பெயரின் கடைசியில் ‘எஃப்’ இல்லாதது. எஃப் வகை கொஞ்சம் மலிவு, ஆனால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. அதற்காகப் போடும் தனி கார்டு சும்மா இருந்தாலும் கரண்ட் தின்னும். ப்ளக்கில் மாட்டும் வாட் மீட்டர் வைத்து, மானிட்டரைச் சேர்க்காமல் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 20 வாட்டை ஒட்டி நின்றது. யூடியூப் ஓடினாலும் பெரிதாக ஏறவில்லை, அந்த வேலையை உள் கிராஃபிக்ஸே பார்த்துக்கொள்கிறது. பழைய மெஷின் இதே மீட்டரில் 70 வாட் காட்டியது. 50 வாட் வித்தியாசம், நாளுக்கு 10 மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 30 யூனிட். எங்கள் வீடு 500 யூனிட் எல்லையில் நிற்கும் வீடு. அதைத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். அதனால் இந்த 30 எங்களுக்குப் பெரிது.

ஜெராக்ஸ் கடை, திண்டுக்கல்:
அண்ணா சொன்னது சரி. என் கடையில் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. ‘ஜி’ என்றால் உள் கிராஃபிக்ஸ் உண்டு. இன்னொரு விஷயம், 5600ஜியில் எல்லாம் ஒரே சில்லில் இருக்கிறது. அதே வரிசையில் வரும் 5600எக்ஸில் கணக்கு வேலை செய்யும் கோர்கள் ஒரு சில்லு, மெமரியையும் மற்றதையும் கவனிப்பது வேறு சில்லு. இரண்டுக்கும் இடையிலான போக்குவரத்துக்கே எப்போதும் கொஞ்சம் கரண்ட் போகும்.

எனக்கு லாபம் தெரிந்தது யூபிஎஸ்ஸில். சின்ன யூபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரிதான். முன்பு கரண்ட் போனால் சேவ் செய்யவே பதற்றமாக இருக்கும். போன வாரம் ஒரு தங்கச்சிக்கு டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. போட்டோ, கையெழுத்து எல்லாம் ஏற்றி, பணம் கட்டி, ரசீதை பிடிஎஃப்பாக எடுத்து வைக்கும் வரை தாங்கியது.

மன்னார்குடி:
750 வாட் பவர் சப்ளை வைத்திருக்கிறேன், அதனால் கூடுதலாக இழுக்குமா?

தாம்பரம்:
750 வாட்டையும் இழுத்துக்கொண்டே இருக்காது நண்பரே, தேவைக்குத்தான் எடுக்கும். ஆனால் பவர் சப்ளை கரண்டை வீணாக்காமல் தருகிறதா என்று பார்த்துக் கொடுக்கும் சாதாரண 80 ப்ளஸ் முத்திரைக்கான சோதனையே 20 சதவீத லோடில்தான் தொடங்குகிறது. 20 வாட் என்பது 750இல் 3 சதவீதம்கூட இல்லை, அவ்வளவு கீழே அதன் திறன் இறங்கிவிடும். தனி கார்டு இல்லாத மெஷினுக்கு நல்ல 400, 450 வாட் தாராளம்.

கல்யாண வீடியோ எடிட்டர், கோவை:
எல்லோருக்கும் ஐ3 போதும் என்று சொல்லிவிடாதீர்கள். எனக்கு ரெண்டர்தான், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலைதான் பிழைப்பு. ஐ7 அதிகம் இழுக்கும், ஆனால் சீக்கிரம் முடித்துவிட்டு ஓய்ந்துவிடும். அப்புறம், பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங்) பிராசஸர் எவ்வளவு வாட் வரை இழுக்கலாம் என்ற பவர் லிமிட்டைப் பாருங்கள். சில மதர்போர்டுகளில் அது தளர்த்தப்பட்டே வருகிறது. உச்ச வேகத்தின் கடைசித் துளிக்காக வோல்டேஜ் ஏறும், அங்கேதான் வாட் எகிறும். நான் லிமிட்டை இறக்கி வைத்தேன். ரெண்டர் கொஞ்சம்தான் நீண்டது, ஃபேன் சத்தம் நன்றாக அடங்கியது.

மன்னார்குடி:
நன்றி அண்ணா. அப்பாவுக்குப் பேப்பர் படிக்கவும் வீடியோ காலுக்கும் இன்டெல் என்100 போட்ட குட்டிப் பெட்டி வாங்கினேன். டிடிபி, அதாவது மேலே சொன்ன கூலர் கணக்கு வாட், 6தான். அவருக்குக் குறையே இல்லை. நான் ஊருக்குப் போய் குரோமில் நிறைய டேப் திறந்தால் திணறுகிறது, ரேமும் ஒற்றைச் சேனல்தான், பிராசஸருக்கு டேட்டா போக ஒரே பாதை. எனக்கு வாங்கினால் 12100தான், எஃப் இல்லாதது.