சுடோகு போட்டால் மூளை கூர்மையாகுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெல்லை அக்கா

போன ஆடியில் இரண்டு தடவை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய்ப் பாத்திரத்தைக் கருக்கினேன். வயது 62. மகனுக்குப் பயம் வந்துவிட்டது. "அம்மா, தினமும் சுடோகு போடுங்க, மூளைக்கு நல்லது" என்றான்.

முதல் வாரம் ஒரு புதிருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பேனாவால் போட்டது பெரிய தப்பு. ஒரு வரியில் ஓர் எண் ஒரு தடவைதான் வரலாம்; கடைசி வரிக்கு வந்து பார்த்தால் இரண்டு 7 நிற்கும். எங்கே பிசகினோம் என்று தெரியாமல் அடித்து அடித்துப் பேப்பரே கிழிந்துவிடும். அப்புறம் பென்சிலும் ரப்பரும் எடுத்தேன். காலிக் கட்டத்தின் மூலையில் வரக்கூடிய எண்களைப் பொடியாக எழுதிவைக்கப் பழகினேன். இப்போது கடினமான புதிர்கூட 25 நிமிடம்தான்.

பால் என்ன ஆயிற்று என்கிறீர்களா? போன செவ்வாய்க்கிழமையும் பொங்கி வழிந்தது. நான் சுடோகு போட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கெல்லாம் எப்படி?

கோவை மணி

இடது கையால் பல் தேய்த்தால் மூளை விழிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி 20 நாள் செய்தேன். ஈறில் புண், சட்டையெல்லாம் பேஸ்ட். மூளை விழித்ததா தெரியவில்லை, வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். விட்டுவிட்டேன்.

சேலத்துக்காரி

அக்கா, உங்களுக்கு நடந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 65 வயது தாண்டிய 2,800-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு நினைவாற்றல், இன்னொன்றுக்குப் பகுத்தறிதல், மற்றொன்றுக்குப் பார்த்ததைச் சட்டென்று புரிந்துகொள்ளும் வேகம் என்று பிரித்துப் பயிற்சி கொடுத்தார்கள். எதைப் பழகினார்களோ அதில் நன்றாகத் தேறினார்கள். ஆனால் இரண்டு வருடம் பார்த்தும் அன்றாட வேலைகளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. சுடோகு போட்டால் சுடோகு வரும், பால் தனிப்பாடம்!

நாஞ்சில் வாத்தியார்

என் கூத்தையும் கேளுங்கள். எங்கள் ஊர் இடலாக்குடியில் பிறந்தவர் செய்குதம்பிப் பாவலர். 1907-இல் சென்னையில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துச் சதாவதானம் செய்துகாட்டினார். முதுகில் எறியும் கல்லை எண்ணுவது, இடையிடையே அடிக்கும் மணியை எண்ணுவது, கேட்ட பொருளில் வெண்பா சொல்வது எல்லாம் அவதானக்காரர்களின் வேலை.

நூறு வேண்டாம், இரண்டு போதும் என்று இறங்கினேன். நான் திருக்குறள் சொல்ல வேண்டும், பேரன் பின்னால் இருந்து புளியங்கொட்டை எறிவான். பத்துக் குறள் முடிந்ததும், "தாத்தா, எத்தனை?" என்றான். 11 என்றேன். அவன் எறிந்தது 17. சரி, எண்ணிக்கையை விடாமல் பிடிப்போம் என்று மறுநாள் கவனத்தை முதுகிலேயே வைத்தேன். எண்ணிக்கை சரியாக வந்தது, ஏழாவது குறளில் நாக்கு ஒட்டிக்கொண்டது. 38 வருடம் வகுப்பில் சொன்ன குறள்!

இரண்டு மாதமாகியும், குறள் பிசகாமல் எண்ணுவது 14 கொட்டைக்கு மேல் தாண்டவில்லை. பேரனுக்குத்தான் குறிபார்த்து எறியும் கலை நன்றாக வந்திருக்கிறது.

நெல்லை அக்கா

வாத்தியார் சார், புளியங்கொட்டையைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சேலத்துத் தங்கச்சி சொன்ன பிறகு, எது மறக்கிறதோ அதையே பழகுவோம் என்று தோன்றியது. பாலுக்குச் சுலப வழி, பொங்கும்வரை அடுப்படியை விட்டு நகர்வதில்லை. மளிகைக்குச் சீட்டு எழுதுவதை நிறுத்தினேன். வாங்க வேண்டியதை மனதுக்குள் வீட்டில் இடம் இடமாக வைத்துக்கொண்டே போவேன். துவரம்பருப்பு வாசல்படியில் கொட்டிக் கிடக்கிறது, திண்ணையில் நல்லெண்ணெய் வழிகிறது, ஊஞ்சலில் பெருங்காய டப்பா உட்கார்ந்து ஆடுகிறது, இப்படி. எவ்வளவு கோமாளித்தனமாக வைக்கிறேனோ அவ்வளவு நன்றாக நிற்கிறது.

நேற்று 12 சாமான். கடையில் நின்று வாசலிலிருந்து கொல்லைவரை மனதுக்குள் ஒரு நடை நடந்து வரிசையாகச் சொன்னேன். ஒன்றுகூட விடவில்லை. கடைக்காரத் தம்பியே, "என்னம்மா, இன்னைக்குச் சீட்டு இல்லையா?" என்றான். பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பத்து நிமிடத்தில் கடைப்பையன் வந்து கதவைத் தட்டினான். கையில் என் குடை.