ஊர் மாறினா வாட் மாறும், ஓம் மாறாது: சாமான் கட்டுறதுக்கு முன்னாடி போடவேண்டிய கணக்கு

புதுசா வெளிநாடு வந்தவங்களுக்கும், இப்ப பெட்டி கட்டிட்டு இருக்கவங்களுக்கும் இது. "இங்க வாங்கின அயர்ன் பாக்ஸ் அங்க ஓடுமா?"ன்னு கேக்காத ஆளே இல்ல. பதில் அதோட லேபிள்லயே இருக்கு.

லேபிள்ல 230 வோல்ட், 1000 வாட்னு போட்டிருக்குன்னு வைங்க. அந்த 1000 வாட் 230 வோல்ட்டுக்கு மட்டும்தான். எந்த நாட்டுக்குக் கொண்டு போனாலும் கிட்டத்தட்ட மாறாம இருக்கிறது உள்ள இருக்கிற கம்பிச்சுருளோட மின்தடை, அதாவது மின்சாரம் ஓடுறதை அது எவ்வளவு தடுக்குதுங்கிறது. அதை ஓம்ல அளப்பாங்க. அதை முதல்ல கண்டுபிடிங்க.

வாட்டை வோல்ட்டால வகுத்தா ஆம்பியர், அதாவது ஓடுற மின்சாரத்தோட அளவு: 1000 / 230 = 4.35. வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா ஓம்: 230 / 4.35, ஏறக்குறைய 53.

இப்ப அதை அமெரிக்காவுல, 120 வோல்ட்ல சொருகுங்க. 120 / 53 = 2.26 ஆம்பியர். 120 × 2.26, சுமார் 270 வாட். வோல்ட் பாதியானா சூடும் பாதியாகும்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. வோல்ட்டோட சேர்ந்து ஆம்பியரும் பாதியாகிடுது, அதனால கிடைக்கிறது கால்வாசிதான். துணி மேல வச்சா வெதுவெதுன்னு இருக்கும், சுருக்கம் போகாது.

தலைகீழா வந்தா ஆபத்து. 120 வோல்ட், 1200 வாட் கெட்டில்: 10 ஆம்பியர், 12 ஓம். அதை 230 வோல்ட்ல போட்டா 19 ஆம்பியர், 4400 வாட். கம்பிச்சுருள் கருகிடும், தீப்பிடிக்கவும் வாய்ப்பிருக்கு. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பிளக் அடாப்டர் பின்னோட வடிவத்தை மட்டும்தான் மாத்தும், வோல்ட்டைத் தொடாது.

லேப்டாப், போன் சார்ஜர்ல பொதுவா "100–240 வோல்ட்"னு இருக்கும். இருந்தா எங்க வேணா போடலாம், கவலையே வேணாம்.

வீட்ல மல்டிமீட்டர் (வோல்ட், ஓம் எல்லாம் அளக்கிற கருவி) இருந்தா நீங்களே சரிபாக்கலாம். பிளக்கைக் கழட்டிட்டு, அயர்ன் பாக்ஸ் குமிழைச் சூடு பக்கம் திருப்பி, மீட்டரை ஓம்ல வச்சு எர்த் பின்னை விட்டுட்டு மத்த ரெண்டு பின்னையும் தொடுங்க. குமிழைத் திருப்பாம விட்டா இணைப்பே இல்லாத மாதிரி காட்டும். நான் முதல் தடவை அதைப் பாத்துட்டு அயர்ன் பாக்ஸ் கெட்டுப்போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். மின்சாரம் இருக்கிற இடத்துல மீட்டரை ஓம்ல வைக்கவே கூடாது.

குளிர்காலத்துக்கு ஒண்ணு. அமெரிக்கா, கனடாவுல சாதாரண அறை பிளக்குக்கு 15 ஆம்பியர் பிரேக்கர் (அளவுக்கு மீறினா மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கும்: 120 × 15 = 1800 வாட். மணிக்கணக்கா ஓடுறதுக்கு அதுல 80 சதவீதம், அதாவது 1440 வாட்தான் கணக்கு. 1500 வாட் ஹீட்டர் ஒண்ணே 12.5 ஆம்பியர் இழுக்கும். அதே லைன்ல கெட்டிலையும் போட்டா பிரேக்கர் விழும். மெல்லிசான எக்ஸ்டென்ஷன் வயர்ல ஹீட்டரை மாட்டவே மாட்டாதீங்க, வயரே சூடாகும்.

"மோட்டார் இருக்கிறதுக்கும் இதே கணக்கா?"ன்னு சிலர் கேப்பாங்க. இல்லங்க. சுத்தும்போது மோட்டார், உள்ள வர்ற வோல்ட்டை எதிர்க்கிற மாதிரி ஒரு எதிர் மின்னழுத்தம் உண்டாக்கும், அதனால மீட்டர் காட்டுற ஓமை வச்சு ஆம்பியர் கணக்குப் போட்டா தப்பா வரும். சில மோட்டார்களோட வேகம் 50, 60 ஹெர்ட்ஸைப் பொறுத்தும் மாறும். அதுக்கு லேபிள்ல இருக்கிற வோல்ட், ஹெர்ட்ஸ் ரெண்டும் பொருந்துதான்னு பாருங்க. பொருந்தலைன்னா அங்க போய் வாங்கிக்கிறதுதான் நல்லது.