பழைய ஹார்ட் டிஸ்க்கில யூசர்ஸ் போல்டர் திறக்குதில்ல, பெர்மிஷன் இல்லையாம்

களுவாஞ்சிகுடி_ஸ்டூடியோ:
ஸ்டூடியோ கொம்பியூட்டர்ட மதர்போர்ட் செத்துட்டு. அதில இருந்த 500 ஜிபி ஹார்டைக் கழட்டி, யூஎஸ்பி கேஸிங்கில போட்டு லேப்டொப்பில கொழுவினா பழைய டி பகுதி நல்லாத் திறக்குது. பழைய சி பகுதியில, யூசர்ஸுக்குள்ள என்ட பேர்ல இருக்கிற போல்டர்தான் பிரச்சினை. கன்டினியூ அழுத்தினா பச்சைக் கோடு ஓடி, மறுகா செக்யூரிட்டி டேப்புக்குப் போகச் சொல்லுது. ரெண்டு மெசினிலயும் யூசர் பேரும் பாஸ்வேர்டும் ஒண்டுதான். கலியாண அல்பமெல்லாம் அந்த டெஸ்க்டொப்பில. ஃபோமட் அடிக்கத்தான் வேணுமாம், மெய்யா?

கல்லடிப்பாலம்:
ஃபோமட்டா? தொடவே வேணாம். விண்டோஸ் பேரைப் பார்க்கிறதில்ல, ஆளுக்கு ஒதுக்கின நம்பரைத்தான் பார்க்கும். செக்யூரிட்டி டேப்பில எஸ்-1-5-21 எண்டு தொடங்கிற நீட்டு நம்பர் ஒண்டு கேள்விக்குறிப் படத்தோட நிக்கும், பாருங்க. அதுதான் பழைய மெசினில இருந்த நீங்க. புது விண்டோஸில உங்களுக்கு வேற நம்பர்.

முதல் உங்கட பேர் போல்டர். ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட். ஓனருக்குப் பக்கத்தில சேஞ்ச் அழுத்தி, உங்கட பேரை அடிச்சு செக் நேம்ஸ், ஓகே, அப்ளை. அந்த விண்டோவை முழுசா மூடித் திரும்பத் திறந்தாத்தான் அடுத்த படி வேலை செய்யும்; கனபேர் இதிலதான் மாட்டுறது. பிறகு அட்ட் குடுத்து உங்கட பேருக்கு ஃபுல் கன்ட்ரோல், அப்ளைஸ் டுவில "திஸ் போல்டர் ஒன்லி".

இப்ப உள்ள போகலாம். டெஸ்க்டொப்புக்கும் இதே வேலைதான், ஆனா அங்க ஓனர் மாத்தக்குள்ள கீழ இருக்கிற சப்கன்டெய்னர்ஸ் பெட்டிக்கும், பெர்மிஷன் குடுக்கக்குள்ள சைல்ட் ஒப்ஜெக்ட் பெட்டிக்கும் டிக் போடுங்க.

களுவாஞ்சிகுடி_ஸ்டூடியோ:
அந்த டிக்கை மேல் போல்டரிலயே போட்டா ஒரே அடியில முடியாதா?

கல்லடிப்பாலம்:
வேணாம். அதுக்குள்ள அப்ளிகேஷன் டேட்டா மாதிரி ஒளிச்ச குறுக்குவழிகள் இருக்கு, ஆரும் உள்ள பார்க்காம டினை (தடை) போட்டு வெச்சது. அவை காட்டுறது சி டிரைவ் விலாசத்தை, இப்ப சி எண்டா லேப்டொப்ட சொந்த டிரைவ். உங்களுக்கு ரெண்டிலயும் ஒரே பேர் எண்டதால, பழைய டிஸ்க்கில கை வைக்கிறதா நினைச்சு லேப்டொப்ட போல்டரையே கிளறிப்போடுவீங்க.

கல்முனை_காக்கா:
தம்பி சொன்னது சரி, ஆனா டிஸ்க்ட உடம்பை முதல்ல பாருங்க. பெர்மிஷன் மாத்திறது ஒவ்வொரு பைலுக்கும் எழுதிற வேலை. டிக் டிக் சத்தம் வந்தாலோ, "கரப்டட் அண்ட் அன்ரீடபிள்" எண்டு வந்தாலோ இதொண்டும் செய்யாம உபுண்டு (விண்டோஸ் இல்லாத வேற ஒப்பரேட்டிங் சிஸ்டம்) பென் டிரைவால பூட் பண்ணிக் கொப்பி எடுங்க. அது விண்டோஸ் பெர்மிஷனைக் கணக்கில எடுக்காது.

பைல்ட ஐகனில பூட்டுச் சின்னம் இருந்தா அது என்கிரிப்ஷன் (சாவி இல்லாம வாசிக்க ஏலாத மாதிரி மாத்தி வெச்சது). ஓனர் மாத்தியும் திறக்க ஏலாது, பழைய விண்டோஸ்ட சர்ட்டிபிகேட் வேணும்.

எடுக்கக்குள்ள கட் வேணாம், கொப்பி. அதே டிரைவுக்குள்ள கட் பண்ணினா பழைய பெர்மிஷன் ஒட்டிக்கொண்டே வரும். கொப்பி பண்ணினா போய்ச் சேர்ற போல்டர்ட பெர்மிஷனை எடுக்கும்.

மெசினுக்கு மெசின் மாத்திற டிஸ்க்குக்கு உங்கட பேருக்குப் பதிலா ஓதென்டிகேட்டட் யூசர்ஸுக்கு (அக்கவுண்டால லொகின் ஆன எல்லாருக்கும்) மொடிஃபை குடுங்க. அதுக்கு எல்லா விண்டோஸிலயும் நம்பர் ஒண்டுதான், எஸ்-1-5-11.