எல்லாம் ஆணைப்படி நடக்கிறது என்றால், சீக்கியர்கள் அர்தாஸில் வேண்டுவது எதற்காக?

காங்கேயத்துக்காரன் – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருப்பதால் லூதியானா வியாபாரிகளுடன் எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. அங்கே செல்லும்போதெல்லாம் எங்களுக்கு நூல் தரும் சர்தார்ஜி என்னைக் குருத்வாராவுக்கு அழைத்துச் செல்வார். பாடல்கள் முடிந்ததும் எல்லோரும் எழுந்து கைகூப்பி நிற்க, ஒருவர் முன்னின்று நீண்ட வேண்டுதல் ஒன்றைச் சொல்கிறார். இடையிடையே கூட்டம் முழுவதும் இறைவன் பெயரான ‘வாஹேகுரு’ என்று குரல் கொடுக்கிறது. அதற்கு அர்தாஸ் என்று பெயராம். அதே சர்தார்ஜிதான், நடப்பவை யாவும் இறைவனின் ஹுக்கம், அந்த ஆணைக்கு வெளியே எதுவும் இல்லை என்றும் அடிக்கடி சொல்வார். அப்படியானால் வேண்டுவதால் ஆகப்போவது என்ன?

நம் பக்கம் வேண்டுதலின் கணக்கு தெளிவானது. காரியம் கைகூடினால் கிடா வெட்டுகிறோம், மொட்டை போடுகிறோம், பால்குடம் எடுக்கிறோம். அங்கே அப்படியொரு பேச்சே என் காதில் விழவில்லை. அர்தாஸ் முடிந்ததும் அவர்களுடைய புனித நூலான கிரந்தத்தைத் திறந்து ஒரு பாடலைப் படித்து, அதையும் ஹுக்கம் என்றே சொல்கிறார்கள். இது நம் சிவன்மலை ஆண்டவர் உத்தரவுப் பெட்டியைப் போன்றதா, கோயிலில் பூ கேட்பதைப் போன்றதா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பேரூர் வாசகர் – பதில்

சீக்கியர்கள் காலையில் ஓதும் ஜப்ஜி சாகிப்பின் முதல் பாடலே உங்கள் கேள்விக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. பொய்யின் திரை கிழிவது எப்படி, மெய்யுடையவராக ஆவது எப்படி என்று கேட்கும் குரு நானக், ஹுக்கத்தின்படி நடப்பதால் என்று விடை கூறி, அந்த ஆணை மனிதனோடு கூடவே எழுதப்பட்டது என்றும் சேர்த்துச் சொல்கிறார். இதைத் தலைவிதி என்று சுருக்கிவிட்டால் வேண்டுதல் வீண்தான். ஆனால் அவர்கள் நோக்கில் உலகம் இயங்கும் ஒழுங்கு முழுவதுமே ஆணை. அதனோடு மல்லுக்கு நிற்பது ‘நான், எனது’ என்னும் ஹௌமை. நாள்தோறும் செய்யும் வழிபாடு அந்த முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பதற்கானது.

கேட்பதையே நானக் மறுத்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். ‘கொடு, கொடு’ என்று மக்கள் கேட்கிறார்கள், கொடுப்பவனும் கொடுத்துக்கொண்டே இருக்கிறான் என்று ஜப்ஜியின் நான்காம் பாடல் சொல்கிறது. வாங்குகிறவர்கள்தாம் களைத்துப்போகிறார்கள் என்பது அதற்கு முந்தைய பாடல். கேட்கத் தகுந்தது எது என்பதில்தான் நெறி கூர்மையாகிறது. ஐந்தாம் குருவான அர்ஜனின் பாடல் ஒன்றில், நீ செய்வது எனக்கு இனிக்கிறது, நான் கேட்பது உன் நாமம் என்னும் செல்வத்தை மட்டுமே என்று வருகிறது. 1606-இல் லாகூரில் அவர் வதைக்கப்பட்டு உயிர் துறந்தபோது இந்த வரிகளே அவர் வாயில் இருந்தன என்பது சீக்கிய மரபு.

அர்தாஸைக் கவனித்துக் கேட்டால் அதில் பெரும்பகுதி நினைவுகூர்தலாக இருப்பது தெரியும். குருமார்களின் பெயர்கள், ஐந்து அன்பர்கள், குரு கோவிந்த் சிங்கின் நான்கு மகன்கள், நாற்பது முக்தர்கள், நெறிக்காக அங்கம் அங்கமாக வெட்டப்பட்டவர்கள், சக்கரத்தில் ஏற்றப்பட்டவர்கள், ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்கள் என்று வரிசையாகச் சொல்லி, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ‘வாஹேகுரு’ சொல்லச் சொல்கிறார்கள். இவ்வளவையும் கேட்டு முடித்தவருக்குத் தம் சொந்தக் குறையைச் சற்றுத் தணிந்த குரலில்தான் சொல்லத் தோன்றும். 1947 பிரிவினைக்குப் பிறகு, எல்லைக்கு அப்பால் போய்விட்ட நன்கானா சாகிப் முதலிய தலங்களைத் தடையின்றித் தரிசிக்கும் பேறும் இதில் ஒரு வேண்டுகோளாகச் சேர்ந்தது. ஆகவே அர்தாஸ் எதையுமே கேட்பதில்லை என்று சொல்ல முடியாது. ஒரு சமூகம் முழுவதும் பல தலைமுறைகளாக ஒன்றையே கேட்டு நிற்கிறது. சீக்கியர்களின் மனம் தாழ்ந்தும் மதி உயர்ந்தும் இருக்கட்டும் என்ற வேண்டுகோளும் அதிலேயே உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

சங்ககிரி லாரிப்பட்டறை – பதில்

பேரூர் அண்ணன் எழுதியது நூலில் உள்ள சீக்கியம். எங்கள் குடும்பத்து லாரிகள் பஞ்சாப் வரை ஓடுவதால் நான் நேரில் கண்ட சீக்கியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜலந்தர் பக்கம் தல்ஹன் என்னும் ஊரில் உள்ள குருத்வாராவில், வெளிநாட்டு விசா கிடைக்க வேண்டும் என்று பொம்மை விமானங்களைக் கொண்டுவந்து காணிக்கை வைப்பார்கள். பெரிது, சிறிது என்று வகைவகையாக, விமான நிறுவனங்களின் பெயர் எழுதிய பொம்மைகளையே பார்க்கலாம். நம் ஊரில் கண்மலர் சாற்றுவதற்கும் தொட்டில் கட்டுவதற்கும் இதற்கும் எனக்கு அதிக வேறுபாடு தெரியவில்லை. நெறிமுறைப்படி இது சரியன்று என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் மகனைக் கனடாவுக்கு அனுப்ப நிலத்தை அடகு வைத்த தகப்பனிடம் போய், நீ நாமத்தை மட்டும் கேள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

காங்கேயத்துக்காரன்

இருவருக்கும் நன்றி. இன்னொரு ஐயமும் இருக்கிறது. எனக்குப் பஞ்சாபி தெரியாது. சொற்கள் புரியாமல் கைகூப்பி நிற்பதற்கு ஏதேனும் பொருள் உண்டா?

பேரூர் வாசகர்

சொல் தெரிந்தும் மனம் அங்கே இல்லாதவர்களைப் பற்றி, நானக்கின் வாழ்க்கைக் கதைகளைச் சொல்லும் ஜனம்சாகியில் ஒரு கதை உண்டு. சுல்தான்பூர் லோதியில் நவாபும் காஜியும் தொழுகைக்கு நானக்கை அழைத்துச் சென்றார்கள். அவர் தொழாமல் சிரித்துக்கொண்டு நின்றார். காரணம் கேட்டபோது, காஜியின் மனம் வீட்டில் அன்று பிறந்த குதிரைக்குட்டி கிணற்றில் விழுந்துவிடுமோ என்று அலைந்தது, நவாபின் மனம் காபூலில் குதிரை வாங்கிக்கொண்டிருந்தது, நான் யாருடன் தொழுவது என்றாராம். மொழி தெரியாத உங்கள் நிலை அவர்கள் இருவரின் நிலையைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் கருத்தோடு நிற்பது குருத்வாராவுக்குள் மட்டும் நடக்க வேண்டியது என்றும் அவர்கள் கருதுவதில்லை. வாயால் இறைவன் பெயரைச் சொல், கைகால்கள் வேலையைச் செய்யட்டும், சித்தம் மட்டும் அவனிடம் இருக்கட்டும் என்று பக்திக் கவியான நாமதேவர் இன்னொரு பக்தரான திரிலோசனரிடம் கூறியதாகக் கபீரின் சலோகங்களில் வருகிறது. அது குரு கிரந்த் சாகிப்பிலேயே இடம்பெற்றுள்ளது. காலையில் ஜப்ஜி, மாலையில் ரெஹ்ராஸ், உறங்கப் போகுமுன் சோஹிலா என்னும் அன்றாட ஓதுதலான நித்நேமுக்கு இடையில் இருப்பது உழைக்கும் நேரம். நேர்மையாகச் சம்பாதிப்பதும் பகிர்ந்து உண்பதும் நாமத்தை நினைப்பதற்கு இணையாக வைத்துச் சொல்லப்படுகின்றன.

நொய்யல் கரை – பதில்

கணவரின் ராணுவப் பணியால் சில ஆண்டுகள் அமிர்தசரஸில் குடியிருந்தவள் என்பதால், உத்தரவுப் பெட்டி பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். சிவன்மலையில் ஒரு பக்தரின் கனவில் ஆண்டவர் சொன்ன பொருளை, சன்னதியில் பூ கேட்டு உறுதிசெய்தபின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். அதை வைத்து நாட்டுக்கு என்ன வரப்போகிறது என்று ஊரே பேசுகிறது. குருத்வாராவில் கிரந்தத்தை ஏதேனும் ஓரிடத்தில் விரித்து, இடப்பக்கத்தின் மேற்புறத்தில் உள்ள பாடலை, அது முந்தைய பக்கத்தில் தொடங்கியிருந்தால் அங்கிருந்தே, முழுமையாகப் படிக்கிறார்கள். 1708-இல் குரு கோவிந்த் சிங் இந்த நூலையே தமக்குப் பின் குருவாக அறிவித்ததால், அது குரு அன்று சொன்ன சொல் ஆகிறது. பெண்ணுக்கு வரன் அமையுமா, மழை வருமா என்பதற்கான குறியாக அதைப் பார்க்கக் கூடாது. சகுனமும் நல்ல நேரமும் பார்ப்பதை 1945-இல் ஏற்கப்பட்ட சீக்கிய ஒழுக்க விதித்தொகுப்பான ரெஹத் மரியாதையே விலக்குகிறது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா விடியற்காலையில் அந்த நாளின் பாடலைக் கேட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு வரியைச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே முணுமுணுத்தபடி இருப்பார். கோபம் கூடாது என்று வந்த நாளில் மருமகளுக்குக் கொஞ்சம் நிம்மதி!

அர்தாஸ் சொல்வதற்குப் பூசாரி என்று தனியாக யாரும் தேவையில்லை. பெண்களும் முன்னின்று சொல்லலாம். வேற்றுச் சமயத்தவரான நீங்கள் தலையை மூடி, கூடியிருப்பவர்களோடு நின்றாலே போதும். சர்தார்ஜியிடம் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் இறுதிப் பகுதியில் உங்கள் வேண்டுகோளையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் யார் எதைக் கேட்டாலும் முடிவில் ‘சர்பத் தா பலா’, எல்லோருக்கும் நன்மை உண்டாகட்டும் என்றுதான் முடிப்பார்கள். ஆகவே பக்கத்துக் கம்பெனியின் ஆர்டர் நமக்கு வந்துசேர வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.