திருவையாற்றில் சிவாஜி தோற்றது ஏன்? நடிகர்களை மக்கள் எப்போது தலைவர்களாக நம்புகிறார்கள்?

கேள்வி (திருவையாற்றிலிருந்து):

1989 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் நடிகர் திலகம் சிவாஜி கணேசன், முந்தைய ஆண்டு தாம் தொடங்கிய தமிழக முன்னேற்ற முன்னணியின் சார்பில் போட்டியிட்டு, தி.மு.க. வேட்பாளரிடம் தோற்றார். என் தந்தை மன்றத்து ஆள். பசை வாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு இரவெல்லாம் சுவரொட்டி ஒட்டியவர். பிரசாரத்துக்குத் திரண்ட கூட்டத்தைக் கண்டு வெற்றி உறுதி என்று நம்பியிருந்த அவர், முடிவு வந்த இரவு சாப்பிடாமலே படுத்துவிட்டார். அதே திரையுலகிலிருந்து வந்த எம்.ஜி.ஆரோ 1977, 1980, 1984 என மூன்று தேர்தல்களில் தொடர்ந்து வென்றார். ஒரு நடிகரை ரசிப்பதற்கும் ஆட்சியை அவரிடம் ஒப்படைப்பதற்கும் நடுவே மக்கள் எதைப் பார்க்கிறார்கள்?

மறுமொழி 1 (மதுரையிலிருந்து):

எம்.ஜி.ஆர். நடிகராக இருந்து நேரே முதலமைச்சர் ஆனவர் என்று பலர் எண்ணுவது தவறு. அவர் 1953இல் தி.மு.க.வில் சேர்ந்தார்; 1962இல் மேலவை உறுப்பினர், 1967இல் பரங்கிமலை சட்டமன்ற உறுப்பினர், பின்னர் கட்சியின் பொருளாளர் எனப் படிப்படியாக வளர்ந்தவர். 1972 அக்டோபரில் அவர் தனிக்கட்சி கண்டபோது, ஏற்கெனவே கொடி கட்டவும் வாக்குக் கேட்கவும் பழகியிருந்த மன்றங்கள் அப்படியே கிளைக் கழகங்களாக மாறியதால்தான் 1973 மே மாதத் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவரை வெற்றிபெறச் செய்ய முடிந்தது. சிவாஜிக்கும் காங்கிரசில் நெடிய அனுபவம் உண்டு. ஆனால் அதை விட்டு வெளியேறிப் புதுக் கட்சி கட்ட அவருக்குக் கிடைத்தது ஓராண்டுக்கும் குறைவான காலம்.

மறுமொழி 2 (விருத்தாசலத்திலிருந்து):

எங்கள் தொகுதி 2006இல் விஜயகாந்தைத் தேர்ந்தெடுத்தது. அவர் கட்சி வென்ற ஒரே இடம் அதுதான். 2011இல் அ.தி.மு.க. கூட்டணியில் 29 இடங்களைப் பெற்று எதிர்க்கட்சித் தலைவரானார். 2016இல் ஓர் இடமும் கிடைக்கவில்லை. நடிகர் ஒருவர் தொடங்கிய வேறொரு கட்சிக்கு நான் வாக்குச்சாவடி முகவராக இருந்திருக்கிறேன். விடியற்காலையிலேயே போய் மாதிரி வாக்குப்பதிவைப் பார்க்க வேண்டும். பட்டியலில் இறந்தவர் யார், ஊரைவிட்டுப் போனவர் யார் என்று அடையாளம் காட்ட வேண்டும். மாலையில், பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் நகலை வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது. முந்தைய நாள் கூட்டத்தில் விசிலடித்த இளைஞர்களில் ஒருவர்கூட என்னை மாற்றிவிட வரவில்லை. அன்று மதியம், பக்கத்தில் இருந்த எதிர்த்தரப்பு முகவர்தான் தம் சாப்பாட்டைப் பாதி பிரித்துக் கொடுத்தார்.

மறுமொழி 3 (திருச்சியிலிருந்து):

அமைப்பு வெற்றியைத் தரும் என்பது சரிதான், ஐயா. ஆனால் நம்பகத்தன்மை ஆட்சியில் தெரிய வேண்டும் அல்லவா? என் தாயார் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய அத்திட்டத்தில், அரிசியும் பருப்பும் எடைபோட்டுப் பதிவேட்டில் எழுதி, பிள்ளைகள் தட்டோடு வரிசையில் அமரும் வரை அவருக்கு ஓய்வு இராது. வெறும் நட்சத்திரப் புகழால் அந்த உலை கொதிக்கவில்லை. நிதி ஒதுக்கியதும் ஆள் நியமித்ததும் கண்காணித்ததும் ஓர் அரசு. அதே ஆட்சியில்தான் 1983இல் டாஸ்மாக் நிறுவனமும் உருவானது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. தலைவர் மீது வைத்த பாசம் அவரிடம் கேள்வி கேட்கும் நாவைக் கட்டிப்போடுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ஒரு நடிகர் தம் ரசிகரின் கேள்விக்கும் பதில் சொல்லத் தயாராக இருந்தால்தான் நான் அவரை நம்புவேன்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. விருத்தாசலம் நண்பர் எழுதியதைப் படித்ததும் தந்தையிடம், 1989 வாக்குப்பதிவு நாளில் எந்தச் சாவடியில் முகவராக இருந்தீர்கள் என்று கேட்டேன். எதிலும் இல்லையாம். தலைவரின் கார் அந்த வழியாக வரும் என்று யாரோ சொன்னதால், நண்பர்களோடு மாலை வரை சாலையோரத்தில் காத்திருந்தாராம்.