‘ஹவுஸ்’ உள்ளே வெற்றிடமா, கெட்டியா?

ஈரச்சுவர்: பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட்டின் ‘ஹவுஸ்’ படைப்பைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: “ரேச்சல் வைட்ரீட் ஒரு வீடு முழுக்கக் காங்கிரீட்டை நிரப்பி, அதன் காற்றையே கல்லாக்கினார்.” நினைவு, உறைவிடம் என்று நிறுவல் கலையை, அதாவது இடத்தையே படைப்பாக்கும் கலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தப் பாட்டுதான். 1993இல் கிழக்கு லண்டனில் நடந்தது நிரப்பல் இல்லை. உட்சுவர்களில் கம்பி வலை கட்டி, காங்கிரீட்டைப் பீய்ச்சி அடித்தார்கள். இறுகியதும் வெளிச்செங்கலைப் பெயர்த்தெடுத்தார்கள். மிஞ்சியது வெறும் மேலோடு. உள்ளே வெற்றிடம்.

நிலைப்படி: எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். மேலோடோ பாறையோ, பார்த்தவருக்கு என்ன தெரிந்தது? கணப்படுப்பின் குழி வெளியே புடைத்து நின்றது. சுவரில் புடைத்திருந்த சுவிட்சு குழியாகிப் பதிந்திருந்தது. குடியிருந்தவர்களின் கை பட்ட இடங்கள் ஐயா அவை.

ஈரச்சுவர்: உருக்கமாக எழுதினால் காங்கிரீட் கெட்டிப்பட்டுவிடாது. உள்ளே வெற்றிடமா, இல்லையா?

பட்டறைக்காரன்: பேச வந்தது கலப்பூடகச் சிற்பம், பலவகைப் பொருட்களைச் சேர்த்துச் செய்வது. இருவரும் ஒரே காங்கிரீட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். 1991இல் பிரிட்டிஷ் கலைஞர் கார்னீலியா பார்க்கர் ஒரு தோட்டக் கொட்டகையை ராணுவத்தைக் கொண்டு வெடிக்கவைத்து, சிதறிய பலகைகளையும் பொருட்களையும் ஒற்றை விளக்கைச் சுற்றித் தொங்கவிட்டாரே, அதைப் பேசுங்கள்.

ஈரச்சுவர்: சிலந்திச் சிற்ப விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து குட்டையைக் குழப்பினீர்கள்.

பட்டறைக்காரன்: அதில் பதில் சொல்ல வக்கில்லாமல் காணாமல் போனவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் பிளாஸ்டர் வார்த்துச் சாப்பிடுகிறவன். படம் பார்த்துப் பேசுகிறவன் இல்லை.

நூலிழை: கொரியக் கலைஞர் டோ ஹோ சுவின் துணி வீடுகள் இதைவிட மேல். கதவுப்பிடி, சுவிட்சு வரை மெல்லிய துணியில் தைத்துவிடுகிறார். மடித்து வேறு ஊருக்கு எடுத்துப் போகலாம், உள்ளே நடக்கலாம். அந்தக் காங்கிரீட் வீட்டுக்குள் யார் போனார்கள்?

ஈரச்சுவர்: வேலையாட்கள் போனார்கள்! உள்ளே நின்றுதான் பீய்ச்சினார்கள், கடைசியில் கூரைத் துளை வழியே வெளியே வந்தார்கள். நிலைப்படி சொல்வதுபோல் நிரப்பியிருந்தால், அவர்களையும் சேர்த்தா வார்த்தார்கள்?

நிலைப்படி: பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு பெற்ற முதல் பெண் வைட்ரீட். பரிசு கிடைத்த அதே நாளில் ‘ஹவுஸை’ இடிக்க உள்ளூர் மன்றம் வாக்களித்தது. 1994 ஜனவரி 11 அன்று இடித்தும்விட்டார்கள். ஒரு வீட்டின் நினைவைக்கூட ஊர் தாங்கவில்லை. உங்களுக்கோ இன்றும் அதன் வயிற்றுக்குள் என்ன இருந்தது என்பதுதான் கவலை!

ஈரச்சுவர்: வயிறு காலி. 1990இல் அவர் செய்த ‘கோஸ்ட்’டும் அப்படித்தான். ஓர் அறையின் சுவர்களைப் பிளாஸ்டரில் பாளம் பாளமாக வார்த்து இரும்புச் சட்டத்தில் மாட்டியது. அதையும் “கெட்டி” என்பீர்களா?

பட்டறைக்காரன்: பிளாஸ்டரைப் பற்றி எனக்கே பாடமா?

ஈரச்சுவர்: உங்களைக் கேட்கவில்லை. நிலைப்படி பதில் சொல்லட்டும்.

நிலைப்படி: சொல்லியாகிவிட்டது. மேலே போய்ப் படியுங்கள்.

ஈரச்சுவர்: படித்தேன். வெற்றிடம்தான் இருக்கிறது.